மைக்குக்குக் கீழே வந்து சாகவும்

எங்கள் உயர்நிலைப்பள்ளியின் டைம்டேபிளில் வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு ‘இசை’ என்று போட்டிருக்கும். அதற்கு முந்தைய பீரியடு கணக்கு. மணி அடித்தாலும் கணக்கு வாத்தியார் நகரமாட்டார். “இசையா? பைதாகரஸ்தாண்டா இசைக்கே அப்பன்” என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்கைப் போடுவார். தந்தியின் நீளத்துக்கும் சுரத்துக்கும் உள்ள விகிதத்தைக் கண்டு சொன்னவர் பைதாகரஸ் என்று பின்னாளில் எங்கோ படித்தேன். வாத்தியார் பொய் சொல்லவில்லை. ஆனால் பைதாகரஸிடமிருந்து எங்களுக்கு வந்து சேர்ந்தது முக்கோணம் மட்டும்தான். தந்தி வழியிலேயே நின்றுவிட்டது.

அப்படிப்பட்ட பள்ளியில் படித்தும் எங்கள் செட்டுப் பையன்களுக்குப் பாட்டு, கூத்து, படம் எல்லாவற்றிலும் கொஞ்சம் ஞானம் இருக்கிறதென்றால் அதற்கு ஒரே ஆள்தான் காரணம்: மைக்செட் அண்ணன். எண்பதுகளில் திண்டுக்கல்லில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கல்யாணம், சடங்கு, காதுகுத்து, கட்சிக் கூட்டம், திருவிழா, ஆண்டு விழா, எதுவானாலும் முதல் நாளே தட்டுவண்டியில் இரண்டு குழாய், ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு பெட்டி நிறைய கேசட்டோடு அண்ணன் வந்து இறங்கிவிடுவார். “ரேடியோ கட்டியாச்சா?” என்பதுதான் விசேஷ வீட்டில் முதல் கேள்வி. சமையல்காரர் வந்தாரா என்பது அதற்கு அப்புறம்தான்.

பள்ளியில் பாட்டே கிடையாது என்றும் சொல்லிவிட முடியாது. காலையில் பிரேயரில் தமிழ்த்தாய் வாழ்த்து உண்டு. மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை எழுதியது, 1970-ல் அரசு விழாக்களுக்கென்று அறிவிக்கப்பட்டது, எம்.எஸ்.விஸ்வநாதன் மோகனத்தில் மெட்டமைத்தது. மோகனத்துக்கு ஐந்தே சுரம். எங்கள் பிரேயரில் பாடுகிற பையன்கள் ஆளுக்கொரு சுருதியில் எடுப்பதால் ஏழும் வந்து, அதற்கு மேலும் இரண்டு மூன்று வரும். 2021-ல் இதை மாநிலப் பாடலாக அறிவித்தபோது 55 வினாடியில் பாட வேண்டும் என்றார்கள். இசைத்தட்டைப் போடாமல் ஆட்களே பாடுவது நல்லது என்றும் சொன்னார்கள். இரண்டாவதை நாங்கள் அப்போதே கடைப்பிடித்தோம். முதலாவது எச்.எம். கையில் இருந்தது. அவர் மேடையில் நின்றால் பாட்டு ஓட்டமாக ஓடும். அவருடைய ஸ்கூட்டர் இன்னும் கேட்டுக்குள் நுழையவில்லை என்றால், நுழைகிற வரைக்கும் கடைசி வரியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்போம். தேசிய கீதத்துக்கு 52 வினாடி. அதை மட்டும் யாரும் இழுத்ததில்லை. அது முடிந்தால்தான் சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம்.

அண்ணனின் வகுப்பு பள்ளிக்கு வெளியே, ஊர் முழுக்க நடந்தது. மலைக்கோட்டை அடிவாரத்தில் கோட்டை மாரியம்மன். ஒரு பக்கம் பேகம்பூர் பெரிய பள்ளிவாசல். இன்னொரு பக்கம் சூசையப்பர் கோயில். மூன்று இடத்திலும் விசேஷம் மாறி மாறி வரும். மாரியம்மனுக்கு எல்.ஆர்.ஈஸ்வரி, மீலாதுக்கு நாகூர் ஹனிபா, பழநிக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்கு டி.எம்.எஸ்., கார்த்திகை பிறந்தால் ஐயப்பனுக்கு வீரமணி. ஈஸ்வரி பிறந்தது கிறிஸ்தவக் குடும்பத்தில். ஹனிபாவின் குரலில் பாதி தி.மு.க. மேடைக்குச் சொந்தம். அண்ணனின் தகரப் பெட்டிக்குள் எல்லாரும் ஒருவர் மேல் ஒருவராகப் படுத்திருந்தார்கள். கேசட்டை அதனதன் மூடியில் போட்டு வைக்கிற வழக்கம் அண்ணனுக்கு இல்லை. ஒரு மீலாது மேடையில் ஹனிபாவின் மூடியைத் திறந்து போட்டதும் உடுக்கை முழங்கியது. அண்ணன் பாய்ந்து அமுக்குவதற்குள் நாலு அடி அடித்து ஓய்ந்தது. யாரும் கோபிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த பெரியவர், “மாசிக்குப் போட வேண்டியத இப்பவே போட்டுட்டியாப்பா?” என்று மட்டும் கேட்டார்.

மாசித் திருவிழாவுக்கும் பரீட்சைக்கும் என்ன ஒப்பந்தமோ, பத்தாம் வகுப்புக்காரன் விழுந்து விழுந்து படிக்கிற காலம் பார்த்துத்தான் கொடியேறும். தெருவுக்குத் தெரு குழாய். வரலாறு புத்தகத்தை விரித்தால் பம்பை. இன்றைக்கும் முதலாம் பானிபட் போர் 1526 என்று நினைத்தால் பாபரின் படை தீச்சட்டி ஏந்திக்கொண்டுதான் வருகிறது. டிசம்பர் இன்னும் விசேஷம். ராத்திரி 12 மணி வரை கேரல் ரவுண்ட்ஸ் வரும். விடியற்காலை 5 மணிக்கு எம்.எல்.வசந்தகுமாரி திருப்பாவையைத் தொடங்கிவிடுவார். நடுவில் கிடைக்கிற நேரத்தில் அரையாண்டுப் பரீட்சைக்குப் படிப்பதா, தூங்குவதா என்பது அவரவர் மார்க்கில் தெரியும். ஆகஸ்ட் ஆரம்பத்தில் முத்தழகுபட்டி செபஸ்தியார் திருவிழா. நேர்த்திக்கடனாக வந்த ஆடு, கோழி, அரிசி எல்லாம் ஒரே சமையலாகி, ராத்திரியெல்லாம் ஊருக்கே கறிச்சோறு. மறுநாள் வகுப்பில் பாதிப் பேர் ஆப்சென்ட். மீதிப் பாதி ஏப்பம்.

இந்தத் திருவிழாக் கணக்கில் அரசாங்கமும் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தது. 1985 செப்டம்பர் 15-ல் மதுரையிலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மாவட்டம் ஆனது. ஊருக்குக் கலெக்டர் வந்தார். கலெக்டர் என்று ஒருவர் இருந்தால் கொடியேற்றுவார். ஏற்றிவிட்டு உட்கார்ந்தால் பார்ப்பதற்கு ஏதாவது வேண்டும். அந்த ஏதாவது நாங்கள்தான். 1986 குடியரசு தினத்துக்காக டிரில் மாஸ்டர் எங்களை வெயிலில் போட்டு வாட்டி எடுத்தார். பிரமிடு கட்டுவதில் ஒல்லியானவன் மேலே, குண்டானவன் கீழே என்பதுதான் விதி. மாவட்டம் பிரிந்ததில் ஊருக்கு லாபம் இருந்திருக்கலாம். கீழ் வரிசைத் தோள்பட்டைகளைக் கேட்டால் வேறு கதை சொல்லும். பேண்டு செட்டுக்கு ஒரே ஒரு மெட்டு தெரியும். கலெக்டர் வரும்போது அதை மெதுவாக வாசித்தோம். அவர் போகும்போது அதையே வேகமாக வாசித்தோம்.

சினிமாவில் இரண்டு வகை உண்டு. பள்ளி எங்களைப் படத்துக்குக் கூட்டிப்போவது ஒன்று; படமே பள்ளிக்கு வருவது இன்னொன்று. முதல் வகையில் மறக்க முடியாதது ரிச்சர்ட் அட்டன்பரோ 1982-ல் எடுத்த ‘காந்தி’. 8 ஆஸ்கர் வாங்கிய படம். 3 மணி நேரம் 11 நிமிடம். இருவர் இருவராக வரிசை போட்டு, சலுகை டிக்கெட்டில் தியேட்டருக்கு நடந்தோம். காந்தி எங்களுக்கு அந்நியர் அல்ல. பக்கத்திலேயே காந்திகிராமம், டவுன்பஸ் கண்டக்டர் தினமும் அவர் பேரைச் சொல்லிக் கூவித்தான் ஆள் ஏற்றுவார். ஆனால் இங்கிலீஷ் படம் என்றால் எங்களுக்கு அதுவரை புரூஸ் லீதான். ஆகவே சண்டை எப்போது என்று காத்திருந்தோம். தராசனா உப்பளக் காட்சி வந்தது. தொண்டர்கள் வரிசை வரிசையாக வருகிறார்கள், போலீஸ் லத்தியால் மண்டையில் போடுகிறது, விழுகிறார்கள், அடுத்த வரிசை வருகிறது. “இப்பப் பாருடா, இந்த செட்டு திருப்பிக் குடுக்கும்” என்று ஒவ்வொரு வரிசைக்கும் பின்சீட்டிலிருந்து நம்பிக்கையோடு ஒரு குரல். யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. அகிம்சை என்றால் என்னவென்று வாத்தியார் வருஷம் பூராவும் நடத்தியும் ஏறாதது அன்றைக்கு ஏறியது: வில்லன் கைக்கு எட்டும் தூரத்தில் நிற்கிறான், புரூஸ் லீ கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அதற்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும் என்று பின்சீட்டு ஆசாமியே வெளியே வரும்போது சொன்னான்.

இரண்டாவது வகைப் படத்தைக் கொண்டுவருவது மைக்செட் அண்ணன். 16 எம்.எம். புரொஜக்டர், தகர டப்பாக்களில் ரீல், மைதானத்தில் இரண்டு கம்பம் நட்டு வேட்டிகளை ஒட்டுத் தைத்த திரை. முன்பக்கம் காசு கொடுத்தவர்கள். பின்பக்கம் சுவரேறிக் குதித்தவர்கள். பின்னாலிருந்து பார்த்தால் இடது வலதாகத் தெரியும். எழுத்து போடும்போது படிக்க முடியாது. சிவாஜி இடது கையால் ஆசீர்வாதம் பண்ணுவார். ஆனால் படம் 1965-ல் ஏ.பி.நாகராஜன் எடுத்த ‘திருவிளையாடல்’ என்பதால் பின்பக்கத்தாருக்குப் பெரிய நஷ்டமில்லை. நெற்றிக்கண் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நடுவில்தான் இருந்தது.

புரொஜக்டர் ஒன்றே ஒன்று. ஒரு ரீல் ஓடி முடிந்தால் அடுத்ததை மாட்டுகிற வரைக்கும் இருட்டு. அண்ணன் டார்ச் லைட்டை வாயில் கவ்விக்கொண்டு டப்பாவைத் தேடுவார். அன்றைக்கு டப்பா மாறிவிட்டது. தருமி பாட்டை வாங்கிக்கொண்டு அரண்மனைக்குப் புறப்படுகிறான், ரீல் முடிகிறது. அடுத்த ரீலில் நக்கீரர் எடுத்த எடுப்பிலேயே நெற்றிக்கண்ணில் வெந்து போகிறார். அதற்கடுத்த ரீலில் முழு உடம்போடு சபைக்கு வந்து, பாட்டில் குற்றம் இருக்கிறது என்கிறார். மைதானமே திரும்பித் தமிழய்யாவைப் பார்த்தது. அய்யா அசரவில்லை. “பாத்துக்கங்கடா. நெசமான புலவன் செத்தாலும் தப்பைத் தப்புன்னுதான் சொல்லுவான்” என்றார். நக்கீரரைப் பற்றி அதைவிட நல்ல விளக்கத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை.

கர்நாடக சங்கீதம் எங்களுக்கு அறிமுகமானதும் அந்த வேட்டியில்தான். ஹேமநாத பாகவதராக டி.எஸ்.பாலையா வாயசைக்க, பாடியவர் பாலமுரளிகிருஷ்ணா. அப்பேர்ப்பட்ட வித்வான், திண்ணையில் கிடந்த ஒரு விறகுவெட்டியின் பாட்டைக் கேட்டு ராத்திரியோடு ராத்திரியாக ஊரைக் காலி செய்தது, பாட்டு பீரியடில் கணக்குப் போட்ட எங்களுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. பயிற்சியே இல்லாமலும் ஜெயிக்கலாம்! அந்த விறகுவெட்டி சாட்சாத் சிவபெருமான் என்பதை நாங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

இப்படிச் சேர்த்த ஞானத்தையெல்லாம் அரங்கேற்றுகிற நாள் ஆண்டு விழா. எனக்குத் திரை இழுக்கிற வேலை. கயிறும் ஆம்ப்ளிஃபயரும் மேடையின் ஒரே மூலையில் இருந்ததால், அண்ணன் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்க்கிற பாக்கியம் கிடைத்தது. அறுந்த டேப்பை அவர் ஒட்டுகிற அழகே அழகு. இரண்டு நுனியையும் பிளேடால் சாய்வாக நறுக்கி, நகத்தால் நீவி, செல்லோடேப்பில் துணுக்கு ஒன்றை வைத்து அமுக்கி, சிக்கிய மிச்சத்தைப் பென்சிலை நுழைத்துச் சுற்றிவிடுவார். பாட்டு திரும்ப ஓடும். என்ன, ஒட்டிய இடத்தில் ஒரு வரி இருக்காது. அப்படி ஒட்டுப்போட்ட கேசட் ஒன்றை வாங்கித்தான் எட்டாம் வகுப்பு குரூப் டான்ஸ் பையன்கள் ஒரு மாதம் ஒத்திகை பார்த்தார்கள். இளையராஜா பாட்டு. வரி குதிக்கிற இடத்தில் இவர்களும் ஒரு குதி குதிப்பார்கள். பார்க்கக் கச்சிதமாக இருக்கும். விழாவன்று பிள்ளைகள் நன்றாக ஆடட்டும் என்று அண்ணன் சொந்தக் காசில் புது கேசட் வாங்கி வந்து போட்டார். பாட்டு குதிக்கவில்லை. பையன்கள் குதித்தார்கள். அதற்குப் பிறகு பாட்டு ஒரு வரி பின்னாலும் ஆட்டம் ஒரு வரி முன்னாலுமாகப் போய், பையன்கள் கும்பிட்டுவிட்டு இறங்கிய பிறகு காலி மேடையில் இளையராஜா தனியாக முடித்தார்.

சிறப்பு விருந்தினரும் அண்ணனின் அதிகாரத்துக்கு உட்பட்டவர்தான். ஐந்து நிமிடம் பேச வந்தவர் அரைமணி நேரம் தாண்டினால் எச்.எம்.மால் ஒன்றும் செய்ய முடியாது. அண்ணனைப் பார்த்து லேசாக இருமுவார். அண்ணன் ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் கைவிட்டு ஒரு வயரை உருவுவார். விருந்தினரின் வாய் அசையும்; சத்தம் வராது. அண்ணன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மேடையேறி, “கரண்டு போச்சுங்க அய்யா” என்பார். தலைக்கு மேலே டியூப்லைட்டெல்லாம் ஜெகஜோதியாக எரிந்துகொண்டிருக்கும். எச்.எம். அண்ணாந்து லைட்டைப் பார்ப்பார், அண்ணனைப் பார்ப்பார், “ஆமாமா, போச்சு” என்பார்.

கடைசியில் நாடகம். தமிழய்யா எழுதிய ‘வேலு நாச்சியார்’. எங்கள் ஊருக்கு அதில் பங்கு உண்டு. 1772-ல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்ட பிறகு நாச்சியார் அடைக்கலம் புகுந்தது விருப்பாட்சியில். ஹைதர் அலியிடம் உதவி கேட்டது திண்டுக்கல்லில். ராணி உருதுவில் பேசியதைக் கேட்டு ஹைதர் வியந்து போனார் என்பது இந்தப் பக்கத்தில் எல்லாரும் சொல்கிற கதை. நாடகத்தின் உச்சமும் அதுதான்.

மேடை நடுவில் கயிற்றில் ஒரே மைக் தொங்கும். ஒத்திகையின்போதே அண்ணன் சட்டத்தைச் சொல்லிவிட்டார். “தம்பிகளா, ராசாவோ சேவகனோ, பேசணும்னா மைக்குக்குக் கீழ வந்து பேசுங்க. சாகறவனும் மைக்குக்குக் கீழ வந்து சாகணும். அங்கிட்டுப் போய்ச் செத்துட்டு வசனம் கேக்கலைன்னா நான் பொறுப்பில்ல.” தமிழய்யா இதைக் கையெழுத்துப் பிரதியிலேயே ஓரத்தில் எழுதிக்கொண்டார்.

விழாவில் வெள்ளைக்காரன் சுட்டான். முத்துவடுகநாதர் உணர்ச்சிவசப்பட்டு மேடையின் பின்கோடியில் போய் விழுந்துவிட்டார். விழுந்த பிறகுதான் சட்டம் ஞாபகம் வந்திருக்கிறது. உருண்டு உருண்டு மைக்குக்குக் கீழே வந்து சேர்ந்து கடைசி வசனத்தைத் தொடங்கினார். மைக் தொங்கியது நிற்கிற ஆள் உயரத்தில். படுத்தவன் குரல் எட்டவில்லை. “கேக்கல, கேக்கல” என்று கூட்டம். மன்னர் எழுந்தார். குண்டு பட்ட இடத்தை ஒரு கையால் பொத்திக்கொண்டு வசனம் முழுவதையும் நின்றபடியே சொன்னார். வெள்ளைக்காரன் என்ன செய்வதென்று தெரியாமல் இன்னொரு தடவை சுட்டான். மன்னர் அங்கேயே, சட்டப்படி, செத்தார்.

ஹைதர் அலியாக நடித்தவன் பேகம்பூர்ப் பையன். வீட்டில் உருது பேசுகிறவன். நாச்சியாராக நடித்தவனுக்கு உருது என்பது தமிழில் எழுதி மனப்பாடம் பண்ணிய நாலு வரி. மேடையேறியதும் நாலும் போய்விட்டது. ராணி விழித்தார். ஹைதர் பெரிய மனசுக்காரர். முதல் வார்த்தையை மெதுவாக எடுத்துக் கொடுத்தார். மைக்குக்குக் கீழே நின்று மெதுவாகச் சொன்னாலும் அது மலைக்கோட்டை வரை கேட்கும். ராணி அந்த வார்த்தையைத் திருப்பிச் சொன்னார். ஹைதர் அடுத்ததைக் கொடுத்தார். நாலு வரியையும் வார்த்தை வார்த்தையாக இப்படி நடத்தி முடித்துவிட்டு, இரண்டடி பின்வாங்கி, கையை விரித்து, “ஆகா! உருது மொழியைத் தாங்கள் எங்கே கற்றீர்கள்?” என்று வியந்தார். “உங்கிட்டத்தான்யா!” என்று பேகம்பூர் வரிசையிலிருந்து ஒரு குரல். நான் திரையை இழுத்தேன். இழுக்கச் சொல்லி எனக்கு யாரும் சொல்லவில்லை.

இப்போது எல்லாம் சட்டப்படி நடக்கிறது. 2000-ல் வந்த ஒலி மாசு விதிகளில் பள்ளிக்கூடத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. ராத்திரி 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. விடியற்காலைத் திருப்பாவைக்கு ஆண்டாளே வந்து மனுப் போட வேண்டியதுதான். 2012-ல் இசை, ஓவியம், தையல், உடற்கல்வி என்று 16,549 பகுதிநேர ஆசிரியர்களை, மாதம் 5,000 ரூபாய்க்கு, அரசுப் பள்ளிகளில் எடுத்தார்கள். 2022-லிருந்து மாதந்தோறும் சிறார் திரைப்படம். அதே வருஷம் கலைத் திருவிழாவும் தொடங்கியது. நல்ல காரியங்கள்தான். ஆனால் இந்தக் காலத்துத் திரைக்குப் பின்னால் சுவர்தான் இருக்கிறது. காசு கொடுக்காதவன் உட்கார இடமில்லை. ரீலும் மாறுவதில்லை. நக்கீரர் ஒழுங்காக வாதாடிய பிறகே எரிகிறார்.

நாடகப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு காலர் மைக். விழுந்த இடத்திலேயே சாகலாம். எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரே சமயத்தில் பேசலாம். எங்கள் காலத்தில் மன்னனும் சேவகனும் வெள்ளைக்காரனும் ஒரே மைக்குக்கு வரிசையில் நின்றார்கள். அடுத்தவன் முடிக்கிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டு நிற்கிற பழக்கம் எங்களுக்கு அங்கேதான் வந்தது. அதில் ஒழுக்கம் ஒன்றுமில்லை. அண்ணனிடம் இரண்டாவது மைக்குக்கு வயர் இல்லை.

இதையெல்லாம் போன வருஷம் ஒரு பள்ளி ஆண்டு விழாவில் பேசினேன். சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். ஒலி, ஒளி எல்லாம் அண்ணனின் மகன் ஏற்பாடு: எல்.இ.டி. திரை, டிஜிட்டல் மிக்ஸர், காதில் ஹெட்போன். பிரேயர், மாசித் திருவிழா, காந்தி, நக்கீரர் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன். எச்.எம். அம்மா இருமியது கேட்டது. ஜலதோஷம் என்று நினைத்தேன். அண்ணன் வயரை உருவுகிற கட்டத்துக்கு வந்தபோது என் சத்தம் நின்றது. குனிந்து பார்த்தேன். வயரே இல்லாத மைக். உருவுவதற்கு அதில் ஒன்றுமில்லை. தம்பி பவ்யமாக மேடையேறி, “சார்ஜ் போச்சுங்க அய்யா” என்றார். என் சட்டையில் பச்சை லைட் மின்னிக்கொண்டிருந்தது. எச்.எம். அம்மா அதைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், “ஆமாமா, போச்சு” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தனை ஸ்பீக்கரிலும் தேசிய கீதம் கணீரென்று தொடங்கியது. அதற்கு மேல் யார்தான் பேச முடியும்?